ஒவ்வொரு தடவையும் சென்னை போகத்தான் வேண்டுமா? கீமோ நடக்கும் அம்மாவும் வீடியோ ஆலோசனையும்

போடிக்காரன் | திங்கள், இரவு 10:52

அனைவருக்கும் வணக்கம். ஊர் போடிநாயக்கனூர். அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய், அறுவை முடிந்துவிட்டது. இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு, அப்புறம் வாரா வாரம் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் நான்கில் இரண்டு முடிந்திருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். ஏழு மணிக்கே போய் டோக்கன் வாங்கியாச்சு. கவுண்ட், அதாவது ரத்த அணு எண்ணிக்கை பார்க்க ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வரப் பதினொன்று. டாக்டர் கூப்பிட்டபோது மணி ஒன்றே முக்கால். "கவுண்ட் நல்லா இருக்கு, சாப்பாடு இறங்குதா, சரி, வியாழக்கிழமை கீமோ போட்டுக்கலாம்." நாலு நிமிடம். டாக்டர் மேல் குறை இல்லை, வெளியே இன்னும் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்த நாலு நிமிடத்துக்காக அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல், மூன்று தடவை வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. முதல் கீமோ முடிந்து ஒன்பதாவது நாள் ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல். அட்டையில் இருந்த எண்ணுக்கு ஐந்து தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பாராசிட்டமால் கொடுத்தோம், குறைந்தது, காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டோம். காலையில் அம்மா எழுந்து நிற்கவே முடியவில்லை. மதுரையில் ஒரு வாரம் படுக்கையில் இருந்தார்.

வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வசதி இருக்கிறதாம். கேன்சருக்கு அதை நம்பலாமா? எதற்கு நேரில் போகணும், எதற்குப் போக வேண்டாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


டேகேர்_அக்கா | செவ்வாய், காலை 6:15

தம்பி, கீமோ டே கேர் வார்டில் பதினாலு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு இப்போது போவது சிவப்பு நிறக் கீமோ மருந்தாக இருக்கும். எங்களிடம் வருகிறவர்களில் பலர் உங்களை மாதிரி நாலு நிமிடத்துக்கு வந்து போகிறவர்கள்தான்.

முதலில் காய்ச்சல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, அவசரம். வெப்பம் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். போன தடவை நடந்தது அதுதான். உங்கள் தப்பு இல்லை, யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அம்மா தலைமாட்டில் வையுங்கள்.

வீடியோவில் என்னென்ன ஆகும் என்று கேட்டீர்கள். கீமோவுக்கு முந்தைய கவுண்ட் பார்ப்பது தாராளமாக ஆகும். தேனியில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு டாக்டரிடம் பேசினால் போதும். வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், தூக்கம், சாப்பாடு எல்லாம் பேசலாம். வாய்ப்புண் காட்டும்போது டார்ச் அடித்துக் காட்டுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, முகம் கறுப்பாகத்தான் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்காரணும். முகம் வெளுத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று நாங்கள் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான்.

வாராந்திர மருந்து தொடங்கியதும் கைவிரல் மரத்துப்போகும். நோயாளிகள் அதைச் சொல்ல மாட்டார்கள். நான் வீடியோவில் ஜாக்கெட் ஊக்கை மாட்டிக் காட்டச் சொல்வேன். தரையில் கிடக்கும் அரிசியை ஒன்றொன்றாகப் பொறுக்கச் சொல்வேன். சில பேரிடம், "காலையில் போட்ட கோலத்தைக் காட்டுங்க" என்பேன். கோடு எங்கே நடுங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மருந்து தொடங்குவதற்கு முன்னால் போட்ட கோலம் ஒன்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.


கரிசல்மண் | செவ்வாய், காலை 9:40

எல்லாம் சரி. எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

எங்க அப்பாவுக்குப் பிராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவியது தெரியும். இடுப்புக்கு மேலே முதுகில் வலி என்றார். தொலைவில் இருக்கிற மருத்துவமனை என்பதால் போனில் பேசினோம். தசைப்பிடிப்பு என்று மாத்திரை சொன்னார்கள். அடுத்த வாரமும் போன், மாத்திரையை மாற்றினார்கள். மூன்றாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கினார், கால் இரண்டும் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டி தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. கதிர்வீச்சு கொடுத்தும் அவர் திரும்ப நடக்கவில்லை. பதினோரு மாதம் படுக்கையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார்.

நேரில் போயிருந்தால் முதுகெலும்பை ஒருவர் விரலால் தட்டிப் பார்த்திருப்பார். காலை மடக்கி நீட்டச் சொல்லியிருப்பார். போனில் யார் தட்டிப் பார்ப்பது?

போடித் தம்பி, வசதி என்று எல்லாவற்றையும் போனுக்குள் அடக்கிவிடாதீர்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.


தெற்கத்தி_வைத்தியர் | செவ்வாய், பிற்பகல் 2:30

நான் புற்றுநோய் மருத்துவன். கரிசல்மண் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. அவர் சொல்வது முழுக்க நியாயம். புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி வந்தால், படுத்தால் அதிகமானால், காலில் பலம் குறைந்தால், சிறுநீர் பிரியச் சிரமம் இருந்தால், அதைப் போனில் பேசித் தீர்க்கவே கூடாது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கினால்தான் பெரும்பாலும் நடை காப்பாற்றப்படும். திடீர் மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்குவது, நிற்காத ரத்தப்போக்கு, புத்தி தடுமாறுவது எல்லாம் இதே வகை. 108-ஐக் கூப்பிட வேண்டியவை.

கட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய எதுவும் வீடியோவில் நடக்காது. அக்குளில் நெறிகட்டியிருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். இரண்டாம் கருத்து கேட்கிறவர்களுக்கும் ஒன்று. ஸ்கேன் பிலிமை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஸ்கேன் சிடியில் இருக்கும் முழுப் படங்கள் வேண்டும். பயாப்ஸி என்றால் எடுத்த சதை இருக்கும் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் போய்ச் சேர வேண்டும். அறிக்கைத் தாளை மட்டும் பார்த்து ஒருவர் சிகிச்சையை மாற்றச் சொன்னால் ஏற்காதீர்கள்.

சட்டம் பற்றி. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வந்தன. நேரில் பார்த்த அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை. அதில் மருந்து எழுத மருத்துவருக்குக் கூடுதல் இடம் உண்டு. முதல்முறை பேசும்போது எழுதக்கூடிய மருந்துகள் குறைவு. அதனால் அம்மாவை ஒருமுறை முழுதாகப் பரிசோதித்த மருத்துவரிடமே தொடர்ந்து பேசுவதுதான் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் பொருந்தும். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும்.

இனி, நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில். நம்பலாம், மறுமுனையில் ஆள் இருந்தால். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேர். ஒரு பகுதியினர் வழக்கம்போல் வந்து போனார்கள். மற்றவர்கள் வலி, வாந்தி, மூச்சுமுட்டல் மாதிரி 12 அறிகுறிகளைக் கணினியில் குறித்தார்கள். ஏதாவது மோசமானால் உடனே நர்ஸுக்குத் தகவல் போகும். 2017-இல் முடிவு வந்தது. வழக்கமான குழுவில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 26 மாதம், குறித்து அனுப்பியவர்களுக்கு 31.2 மாதம். புதிய மருந்து எதுவும் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் கஷ்டப்படத் தொடங்கியதும் இன்னொருவருக்கு அது தெரிந்தது, அவர் எழுந்து ஏதோ செய்தார். அந்த இன்னொருவர் இல்லாத செயலி வெறும் பெட்டிதான். உங்கள் ஐந்து அழைப்புகளை யாரும் எடுக்காத அந்த இரவில் என்ன குறைந்தது என்று யோசித்தால் இதுதான் குறைந்தது.

ஆகவே மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வீடியோ இருக்கிறதா" என்பது இல்லை. "ராத்திரி பதினொரு மணிக்கு எந்த எண்ணை அடிக்கணும், யார் எடுப்பார்கள்?" இதைக் கேளுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். என்ன நோய், என்ன கீமோ, கடைசியாகப் போட்ட தேதி, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாடிக் தொடங்கலாம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பக்கத்து ஊர் அவசரப் பிரிவில் முன்பின் தெரியாத இளம் டாக்டர் கையில் அந்தத் தாள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறும்.


ஒன்பதுவருஷ_மாத்திரை | செவ்வாய், மாலை 7:05

எனக்கு ரத்தப் புற்றுநோய், நாள்பட்ட மைலாய்டு வகை. ஒன்பது வருஷமாக இமாடினிப் மாத்திரை. கட்டட வேலை பார்க்கிறேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, போகவர பஸ் செலவு வேறு.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எங்கள் ஊர் லேபில் எடுத்துக் கூரியரில் போகிறது, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று எண்ணில் சொல்லும் பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு. ரிசல்ட் வந்ததும் டாக்டர் வீடியோவில் வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் நேரில். என்னை மாதிரி மாத்திரையில் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். அறுவை, கீமோ எல்லாம் முடிந்து மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தமாக்சிஃபென், லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிற அக்காமார்களுக்கும் பெரும்பாலும் இது போதும் என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

ஒன்று மட்டும். வீடியோவில் பேசும்போது "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன்" என்று பொய் சொல்வது சுலபம். நானே சொல்லியிருக்கிறேன். கையில் பணம் இல்லாமல் பத்து நாள் விட்டுப்போச்சு, வெட்கமாக இருந்தது. அடுத்த டெஸ்ட்டில் எண் ஏறிவிட்டது. அப்போதிருந்து டாக்டர் மாத்திரை அட்டையைக் கேமரா முன்னால் காட்டச் சொல்கிறார். அவர் அப்படிக் கேட்பது எனக்கு நல்லதாகத்தான் படுகிறது.


போடிக்காரன் | செவ்வாய், இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. கரிசல்மண் அண்ணா, அப்பாவைப் பற்றி எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவிடம் முதுகுவலி இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டேன். இல்லை என்கிறார்.

டாக்டர், அந்தக் கடிதத்தை நாளைக்கே கேட்கிறேன். இன்னொரு கவலை. அடுத்து வாரா வாரம் பன்னிரண்டு கீமோ. மருந்து ஊசி வழியாகத்தானே ஏற்ற வேண்டும், அதை வீடியோவில் என்ன செய்ய முடியும்? மூன்று மாதம் சென்னையில் அறை எடுத்துத் தங்கினால் என் வேலை போய்விடும். ரயிலில் கேன்சர் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்பது தெரியும். ஆனால் வாரா வாரம் அம்மா உடம்பு தாங்காது.


டவுன்ஸ்வில்_தமிழச்சி | புதன், காலை 5:48

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு இங்கே ஒரு பதில் நடைமுறையில் இருக்கிறது, சொல்கிறேன்.

டவுன்ஸ்வில் கடற்கரை நகரம். மவுண்ட் ஐசா உள்நாட்டில், ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுரங்க ஊர். முன்பெல்லாம் அங்கிருந்து கீமோவுக்கு இங்கேதான் வர வேண்டும். 2007-இல் டவுன்ஸ்வில் புற்றுநோய் மையம் வீடியோ வழியாக அங்குள்ள நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தது. டாக்டர் சபே சபேசன் அதை முன்னின்று வளர்த்தவர். முதலில் பேசுவது மட்டும். பிறகு கீமோவையே மவுண்ட் ஐசாவில் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ், ஒரு பொது மருத்துவர். திரையில் டவுன்ஸ்வில்லின் புற்றுநோய் நிபுணர். அதற்கும் சின்ன ஊர்களில், கீமோ பழக்கமில்லாத நர்ஸுக்கு இங்கிருக்கும் கீமோ நர்ஸ் திரையில் கூடவே நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறையும் வந்தது. எந்தெந்த மருந்தை அப்படிக் கொடுக்கலாம், எதற்குக் கண்டிப்பாகப் பெரிய மையத்துக்கு வரணும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, தம்பி, ஊசி வழியாக ஏற்ற வேண்டிய மருந்தாக இருந்தாலும் நோயாளிதான் நகர வேண்டும் என்று இல்லை. அறிவை நகர்த்தலாம். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் பழகிய கை வேண்டும். அம்மாவுக்கு வரப்போகிற மருந்து அநேகமாகப் பாக்லிடாக்செல். முதல் ஒன்றிரண்டு தடவை ஒவ்வாமை வரலாம், அதைச் சமாளிக்கிற ஆளும் மருந்தும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் வைத்து ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.


தெற்கத்தி_வைத்தியர் | புதன், காலை 8:10

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். வாராந்திரக் கீமோவை மதுரையில் போட்டுக்கொள்ளலாமா என்று சென்னை டாக்டரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2012-இல் மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை தலைமையில் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பின் நோக்கங்களில் ஒன்று, எந்த ஊரில் போனாலும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது. சென்னை டாக்டர் திட்டத்தை எழுதித் தர, மதுரையில் மருந்து ஏற, மாதம் ஒருமுறை இரண்டு டாக்டர்களும் அம்மாவும் வீடியோவில் சேர்ந்து பேசலாம்.

மாவட்ட மருத்துவமனைகளிலேயே டே கேர் புற்றுநோய் மையம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்டங்களிலும். அது நன்றாக நடந்தால் தேனியிலேயே முடியும். ஆனால் கட்டடமும் கட்டிலும் மட்டும் வந்து, திரைக்குப் பின்னால் நிபுணர் இல்லையென்றால் கரிசல்மண் அப்பாவின் கதை ஊருக்கு ஊர் நடக்கும். இதை நான் போகிற கூட்டங்களிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.


வடமராட்சியான் | புதன், நண்பகல் 12:25

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். தூரத்தின் வலி எங்களுக்கும் தெரியும். ஒரு காலம் வடக்கில் இருக்கிற புற்றுநோயாளர்கள் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். என்ரை அம்மம்மா அப்படிப் போனவர். சிங்களம் தெரியாது, வலி எங்கே என்று கேட்டாலும் மாமா மொழிபெயர்க்க வேணும்.

2011-இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நாட்டின் நீளத்துக்கும் நடைபயணம் போய்ச் சேர்த்த பணத்தில் எங்கடை தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பினது. இப்ப எங்கடை ஆட்கள் தங்கடை மொழியிலேயே வைத்தியரோடை கதைக்கினம். ஆகவே நான் சொல்ல விரும்புவது, கிட்ட ஒரு இடம் இருப்பதற்கு ஈடு இல்லை. அதை மறக்கச் செய்கிற சாட்டாகத் தொலைமருத்துவம் வந்துவிடக் கூடாது. கிட்ட உள்ள இடத்துக்குத் துணையாக வந்தால் இரு கையாலும் வரவேற்போம்.

மொழி விசயம் வீடியோவிலும் உண்டு. நோயாளி தன் பேச்சில் "உழையுது" என்பார், "குத்துது" என்பார், "அரிக்குது" என்பார். மூன்றும் வேறு வேறு வலி. அதைப் பிள்ளைகள் "பெயின்" என்று ஒரே சொல்லாய்ச் சொல்லிப்போட்டு விடுகினம். நோயாளியையே கதைக்க விடுங்கோ.


வலிக்குத்_துணை | புதன், மாலை 4:50

வடமராட்சியான் சொன்னதற்கு ஒரு கும்பிடு. நான் நோய்த்தணிப்பு சிகிச்சையில், அதாவது நோயாளியின் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கும் சிகிச்சையில் தன்னார்வலர். நாங்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

முதலாவது மார்ஃபின், கடும் வலிக்கான மருந்து. எங்கள் நோயாளிகளுக்கு அது சோறு தண்ணீர் மாதிரி. ஆனால் 2020 வழிகாட்டு நெறிகளின்படி, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலை ஆலோசனையில் எழுதவே முடியாது. ஆன்லைனில் டாக்டரிடம் பேசினால் மார்ஃபின் கிடைக்கும் என்று நினைத்து நாலு நாள் வலியோடு காத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். 1985-இல் வந்த அந்தப் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை ஆஸ்பத்திரிகளிலிருந்தே விரட்டியது. 2014-இல் திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொள்ள வழி சுலபமானது. அதனால் வலி அதிகம் உள்ளவர்கள், பக்கத்தில் மார்ஃபின் வைத்திருக்கிற நிறுவனம் எது என்று முன்கூட்டியே விசாரித்து அங்கே பெயரைப் பதிந்து வைத்துவிடுங்கள். வலி முற்றிய பிறகு தேட வேண்டாம். பதிந்தவர்களுக்கு அப்புறம் போன் ரொம்ப உதவும். மலச்சிக்கல், மயக்கம், அடுத்த டோஸ் எப்போது என்று எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்யலாம். 2024-இல் அமெரிக்காவில் 22 மையங்களில் நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரிடம் செய்த ஆய்வில், நோய்த்தணிப்பு மருத்துவரை வீடியோவில் பார்த்தவர்களின் வாழ்க்கைத் தரமும் நேரில் பார்த்தவர்களின் வாழ்க்கைத் தரமும் சமமாக இருந்தன. எங்களுக்கு அது ஆச்சரியமாக இல்லை. காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வீட்டில் ஒரு செவிலியர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, திரையில் டாக்டர் இருந்தால், கரிசல்மண் கேட்டாரே "யார் தட்டிப் பார்ப்பது" என்று, அதற்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

இரண்டாவது, நோயாளிக்குத் தெரியாமல் பேசுவது. ஒரு வீட்டில் மகள் மொட்டைமாடிக்குப் போனை எடுத்துப்போய் டாக்டரிடம், "அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டுக் கீழே வந்து போனை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா திரையைப் பார்த்துச் சொன்னார், "டாக்டர், எனக்கு எல்லாம் தெரியும். இந்தப் பிள்ளைக்குத் தெரியாமப் பாத்துக்கங்க." நான் பக்கத்தில்தான் இருந்தேன்.


மேலமாசி | புதன், மாலை 6:32

ஒரு எச்சரிக்கை மட்டும். புற்றுநோய்க் குழுக்களில் எண் கிடைத்ததும், "நான்காம் நிலையும் குணமாகும், வீடியோவில் நாடி பார்த்து மருந்து அனுப்புகிறோம்" என்று செய்தி வருகிறது. எங்கள் சித்தி கீமோவை நிறுத்திவிட்டு அதற்குப் பணம் கட்டினார். பதிவு எண் கேட்டபோது அந்த ஆள் எண்ணையே முடக்கிவிட்டார். முதலில் பதிவு எண் கேளுங்கள்.


டேகேர்_அக்கா | புதன், இரவு 8:15

வலிக்குத் துணை எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. வீடியோ ஆலோசனையில் போனைப் பிடித்துக்கொண்டு மகன் நிற்பான். அம்மாவுக்கு மாதவிடாய் பற்றியோ, மார்பை எடுத்த இடத்தில் தழும்பு உறுத்துவதையோ, மூலம் வெடித்து ரத்தம் வருவதையோ அவன் முன்னால் சொல்ல வாய் வராது. "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவார்.

தம்பி, போனை ஒரு செம்பு மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போங்கள். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.


கரிசல்மண் | புதன், இரவு 11:05

எங்கள் வீட்டில் அப்பா பக்கத்தில் யாராவது ஒரு செவிலியர் இருந்திருந்தால் என்று மாலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். அப்பாவுக்கு பி.பி. பார்க்க வருவார். அவரையும் அந்தப் போனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கும் தோணவில்லை, மருத்துவமனைக்கும் தோணவில்லை.

நான் போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் மட்டும் வேண்டாம் என்கிறேன்.


போடிக்காரன் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:30

தகவல் சொல்ல வந்தேன். மூன்றாவது கீமோவுக்கு முந்தைய கவுண்டைத் தேனியிலேயே பார்த்து வீடியோவில் பேசினோம். ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தேன். போனைச் செம்பில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டேன். பத்து நிமிடம் என்று நினைத்தேன், அம்மா இருபத்தைந்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். கீமோவுக்கு மட்டும் சென்னை போய் வந்தோம்.

பத்தாவது நாள் ராத்திரி பதினொன்றேகால். அம்மா போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்தினார். தெர்மாமீட்டர் 101.2. மாத்திரை கொடுக்கவில்லை. டே கேர் நர்ஸ் எண் ஒன்றை இந்தத் தடவை எழுதி வாங்கியிருந்தோம். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். "இப்பவே கிளம்புங்க, கடிதத்தை எடுத்துக்கோங்க, போற வழியில எனக்கு அடிங்க" என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் காரில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு என்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். என் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சென்னை டாக்டரிடம் பேசினார். உள்ளே போய் நாற்பது நிமிடத்தில் ஆன்டிபயாடிக் ஏறியது. வெள்ளையணு 800-தான் இருந்தது. நாலாவது நாள் அம்மா நடந்து வீட்டுக்கு வந்தார். போன தடவை அதே காய்ச்சலுக்கு ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை.

நாலாவது கீமோ வரும் வெள்ளிக்கிழமை. அதற்கு அப்புறம் வாராந்திர மருந்தை மதுரையில் போடுவதற்குச் சென்னை டாக்டர் சம்மதித்துத் திட்டத்தை எழுதித் தந்துவிட்டார். முதல் இரண்டு மட்டும் சென்னையில்.

டேகேர் அக்கா, இன்றைக்குக் காலையில் அம்மா வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டார். தேதி தெரிகிற மாதிரி காலண்டர் தாளை ஓரத்தில் வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறேன். கோடு எங்கேயும் நடுங்கவில்லை.